இட்லித் தட்டும் கார்ப்ரேட்டரும்

ஏனுங் அம்மணி, இந்தக் கூடையைச் சித்தெ நேரம் உங்க மடியில வெச்சுக்கறீங்களா? கீழ வெக்கக் கூடாதுங்க, சீர் சாமான். பைய, பைய. உள்ளார சந்தனக் கிண்ணம் இருக்குது, சாஞ்சுதுன்னா பொடவையெல்லாம் பாழு. நல்லாருப்பீங்க. காதுல மாட்டியிருக்கற ஒயரை எனக்காகக் கழட்டோணும்னு இல்லீங்க… கழட்டிட்டீங்களா? சரி, அதும் நல்லதுதான். பேச்சுத் துணை இல்லாம எனக்குப் பஸ்ல உக்கார முடியாது.

எங்க, தாராபுரத்துக்குங்களா? நான் குண்டடம் தாண்டினதும் எறங்கிக்குவேன். என்னை அப்பிடிப் பாக்காதீங்க. பல்லடத்துல ஏறுனதுலருந்து பஸ்ஸே அப்பிடித்தான் பாக்குது. பட்டுப் பொடவையும் தலை நெறையப் பூவுமா இந்தம்மா எதுக்கு நின்னு நின்னு போற பஸ்ல ஏறுதுன்னு. கண்டக்டர் தம்பி கேட்டே போட்டாருங்க, "கல்யாணத்துக்குங்களா, கார் வரலீங்களா"ன்னு. எனக்கு எப்பிடி இருக்கும் சொல்லுங்க.

கார் இருக்குதுங்க எங்க ஊட்லயும். வெள்ளைக் கார். பழசுதான், ஆனா கார் கார்தான? அது இருந்தும் நான் பஸ்ல போறேன்னா அதுக்கு ஒரே காரணம் அந்த டீவிப் பொட்டிதான்.

உங்களுக்குச் சொந்த ஊரு எது? தஞ்சாவூருப் பக்கமா! அப்ப உங்களுக்கு இணைச்சீர்னா என்னன்னு தெரியாது. எங்க பக்கத்துல மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவ பக்கத்துல நின்னு சீர் பண்ணோணும். கூறைப் பொடவையோட ஒரு முனை தம்பி கையில, இன்னொரு முனை எங்கையில. நாளைக்குக் காலையில அவன் தாலி கட்டறான்னா, இன்னிக்குச் சாயங்காலமே இது நடந்தாகோணும். பொண்ணு வராமக்கூட இன்னிக்குப் பொழுது ஓடிரும். நான் வராம ஓடாதுங்க.

எந்தம்பிக்கு, ஈஸ்வரனுக்கு, முப்பத்தெட்டு வயசு. கை நெறையத் தோட்டம், பத்து மாடு, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. பொண்ணு கிடைக்கலை. தோட்டத்துல இருக்கற மாப்பிள்ளைன்னா இப்பத்திப் பொண்ணுக வேண்டாங்குது. ஜாதகம் ஜாதகமா அலைஞ்சு எங்கப்பாவுக்குச் செருப்பே தேஞ்சு போச்சு. இப்பத்தான் ஒரு புண்ணியவதி தலையாட்டியிருக்குது. ஒரு தும்மல்கூட அபசகுனமாத் தெரியற நேரம். இதுல இணைச்சீர்காரி வந்து சேரலைன்னா என்னாகும்? எங்கப்பாவுக்கு நெஞ்சே நின்னுரும்.

எங்க ஊட்டுக்காரர் நூல் மில்லுல ஆபீஸ்ல இருக்கறாரு. பேரு நான் சொல்றதில்லீங்க. பத்திரிகையில போட்டிருக்குது பாருங்க, கூடைக்குள்ளாரயே இருக்குது. ஆங், அதேதான், நாச்சிமுத்து. நெம்பத் தங்கமான மனுசன். ஆனா கை கொஞ்சம் எழுத்துக் கை. ஊட்ல பல்பு மாத்தோணும்னாக்கூட நாந்தான் ஸ்டூலு மேல ஏறோணும், அவரு ஸ்டூலைப் புடிச்சுக்குவாரு. நல்லாப் புடிப்பாரு, கொறை சொல்லக் கூடாது.

எங்க பெரியப்பா பையன் மயில்சாமி அண்ணன் இருக்கறாருங்க, அவருக்கு லேத்துப் பட்டறை. அண்ணனுக்கு வாயைத் தொறந்தாக் குசும்பு. தம்பிக்கு உப்புச் சக்கரை மாத்தி நிச்சயம் பண்ணுன அன்னிக்கு நாங்க கார்லதான் கிளம்புனோம். பாதி வழியில கார் இருமுது. கொக்கு கொக்குன்னு இருமிட்டு நின்னே போச்சு. வேற வழி? வாழைத்தாரு ஏத்திட்டு வந்த டெம்போவைக் கை காட்டி ஏறிப் போய் எறங்குனோம். பந்தல் வாசல்ல எல்லாரும் நிக்கறாங்க. அண்ணன் சத்தமாக் கேக்கறாரு, "வாங்க மாப்ள, வாங்க! வாழைத்தாரு எத்தனை, நீங்க எத்தனை, எண்ணி எறக்கிக்கலாமா?" அங்க இருந்த அத்தனை பேரும் சிரிச்சுட்டாங்க. பொண்ணு ஊட்டுக்காரங்களும் சிரிச்சாங்க. எங்க ஊட்டுக்காரரும்தான் சிரிச்சாரு. ஆனா பந்தியில ரெண்டாவது தடவை சோறு வாங்கலைங்க அவரு. ரசத்துக்கு வாங்காம எந்திரிச்சுட்டாரு. எனக்கு மட்டுந்தான் அது தெரிஞ்சுது.

ஊட்டுக்குள்ள நான் ஆயிரம் பேசுவேன். அது எனக்கும் அவருக்கும். வெளியில ஒருத்தரு அவரைப் பாத்துச் சிரிச்சா எனக்கு ஆகாதுங்க.

அன்னிக்கு வந்து டீவியைப் போட்டவர்தான். 'பட்டறை ராஜாக்கள்'னு ஒண்ணு போடறானே, பாத்திருக்கறீங்களா? வெள்ளைக்காரனுக ரெண்டு பேரு. ஒருத்தன் குண்டு, ஒருத்தன் தாடி. வெளியில பனி கொட்டுது. ஆனா பேசறது நம்ம தமிழ்ல. "நண்பர்களே, பயப்படாதீங்க, இது ரொம்பச் சுலபம்!" அப்பிடிங்கறான் குண்டன். எங்கியோ கோழி அடையற காரு, துரு புடிச்சு ஓட்டை விழுந்து கெடக்குது. அதைக் கொண்டாந்து நிறுத்தி ஸ்பேனரை வெச்சு ரெண்டு சுத்துத்தான், நட்டு தானா வந்து அவன் கையில உக்காருது. கையில ஒரு கறை இல்லை. கன்னத்துல மட்டும் பொட்டு வெச்சாப்பல கொஞ்சம் கருப்பு. அப்பறம் விளம்பரம் போடறான். சாம்பார்ப் பொடி, சோப்பு, நகைக்கடை. திரும்பி வந்தா காரு பளபளன்னு நிக்குது, ரெண்டு பேரும் கையைத் தட்டிக்கறானுக.

நாஞ் சொல்றேன், அந்த விளம்பரத்துலதான் சூட்சுமமே இருக்குது. அப்ப என்ன நடக்குதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. பின்னால பத்துப் பேரு நிப்பானுகளோ என்னமோ.

ஆனா அப்ப எனக்கு அது தோணலை. கூட உக்காந்து நானும்தான் பாத்தேன். முறுக்கு ஒண்ணு வாயில போட்டுட்டு, "ஏனுங்க, அத்தனை துருப் புடிச்ச வண்டியவே அரை மணி நேரத்துல பண்ணிப்போடறான். நம்ம வண்டியில துருவே இல்லியே"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். சும்மா பேச்சுக்குச் சொன்னது. அதை அவரு மனசுல வாங்கிக்கிட்டாரு. ஆம்பளைங்க அப்பிடித்தான். நாம உருப்படியா எதையாவது சொன்னா வாங்க மாட்டாங்க, இந்த மாதிரி சொன்னா மட்டும் நல்லாக் காது கேக்கும்.

அப்பறம் காரை ஓட்டியாந்து ஜன்னலுக்கு நேரா நிறுத்துனாரு. டீவியை ஜன்னல் பக்கமாத் திருப்பி வெச்சாரு. நிகழ்ச்சி ஓடறப்ப பாப்பாரு, விளம்பரம் போட்டா ஓடிப்போய் வண்டியில கை வெப்பாரு. பாடு எப்பிடின்னா, இவரு ஒரு நட்டைக் கழட்டிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள அவன் இஞ்சினையே எறக்கி வெச்சிருப்பான். "அதுக்குள்ளயா!"ன்னு மறுக்கா ஓடுவாரு. எனக்குச் சிரிப்புத் தாங்காது. ஆனா சிரிக்கலீங்க. தோசையைத் திருப்பற சாக்குல உள்ள போயிருவேன்.

எங்க பக்கத்துல வண்டி பாக்கறவரு பாலு ஒருத்தரு இருக்கறாரு. நல்ல வேலைக்காரரு. அவருகிட்டக் குடுத்துரலாம்னு எங்க ஊட்டுக்காரரே சொன்னாருங்க, பொய் சொல்லக் கூடாது. நாந்தான், "எதுக்கு? அண்ணன் கேட்டா, நானே என் கையால சரி பண்ணுனேன்னு சொன்னா எப்பிடி இருக்கும்!"னு சொன்னேன். அதும் சும்மா ஒரு பேச்சுக்குத்தான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாளு மில்லு அரை நாளோட விட்டுட்டாங்க. மத்தியானமே ஆரம்பிச்சுட்டாரு. கார்ப்ரேட்டர்னு ஒரு சாமான் இருக்குதுங்க, பெட்ரோலையும் காத்தையும் கலக்கற டப்பா. அதுலதான் இருமலே வருதுன்னு குண்டன் சொல்லியிருக்கறான். அதைக் கழட்டிச் சுத்தம் பண்ணோணும். "கழட்டுற ஒவ்வொண்ணையும் வரிசை மாறாம ஒரு தட்டுல வையுங்க நண்பர்களே"ன்னான். அவங்கிட்ட குழி குழியா ஒரு தட்டு இருக்குது. எங்க ஊட்டுக்காரரு சுத்திமுத்தியும் பாத்தாரு. நேரா அடுப்படிக்கு வந்தாரு. என்னோட இட்லித் தட்டு நாலையும் தூக்கிட்டுப் போயிட்டாருங்க!

சொல்லுங்க, எந்தப் பொம்பளைதான் பொறுத்துக்குவா? ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு சாமான். குட்டி குட்டித் திருகு, ஸ்பிரிங்கு, பித்தளையில ஊசி மாதிரி ஒண்ணு. முதல் தட்டுல முதல்ல கழட்டுனது, கடைசித் தட்டுல கடைசியாக் கழட்டுனது. நாலு தட்டும் நெறைஞ்சு போச்சு. நல்லாத்தான் வெச்சிருந்தாரு, கண்ணுக்கு அழகாத்தான் இருந்துச்சு. பெட்ரோல் ஊத்திக் கழுவி, ஊதி ஊதி வெச்சிருந்தாரு. "காத்தால பூட்டிருவேன் சாந்தா, ஒண்ணையும் தொட்றாத"ன்னாரு.

காத்தால எப்பிடிங்க பூட்டறது? ஆயுத பூஜை. அன்னிக்கு ஆயுதத்தைத் தொடலாமா? எல்லாத்தையும் சாமிகிட்ட வெச்சுரோணும், மறு நாளுதான் எடுக்கோணும். இது சின்னக் கொழந்தைக்கும் தெரியும். அதுவுமில்லாம எனக்குக் காலையில இட்லி ஊத்தோணும்ல? பூஜை அன்னிக்கு ஊட்ல இட்லி இல்லாம இருக்குமா? அவரு குளிக்கப் போயிருந்தாரு. நான் நாலு தட்டையும் எடுத்துப் பெரிய தாம்பாளத்துல கவுத்துட்டுத் தட்டைக் கழுவி மாவு ஊத்திட்டேன். இட்லி லேசாப் பெட்ரோல் வாசம் அடிச்சுது. சட்னியை எச்சா ஊத்துனாத் தெரியலைங்க.

நீங்க ஏனுங் அம்மணி வாயைப் பொத்திக்கறீங்க? இருமலா? தண்ணி இருக்குது, குடிக்கறீங்களா?

சரி கேளுங்க. கவுத்ததோட நான் விட்டுட்டனா? அவரு கழுவுனது ஆம்பளை கழுவுனது. பித்தளையெல்லாம் மங்கிப் போய்க் கெடந்துச்சு. சாமிகிட்ட வெக்கற பொருளு, அப்பிடியேவா வெக்கறது? குத்துவெளக்கு வெளக்க எடுத்த புளி இருந்துச்சு. ஒட்டுக்கா எல்லாத்தையும் புளி போட்டுத் தேச்சேன். தங்கமா மின்னுச்சுங்க! தொடைச்சு, பெருசெல்லாம் பின்னால, சிறுசெல்லாம் முன்னாலன்னு அடுக்குனேன். ஒவ்வொண்ணுக்கும் சந்தனம் வெச்சு, அது மேல குங்குமம் வெச்சேன். அதுல ஒரு பித்தளைத் திருகு, அதுக்கு நடுவுல குட்டியா ஒரு ஓட்டைங்க, பொட்டு வெக்கறதுக்குன்னே விட்டாப்பல. அதுல கச்சிதமா உக்காந்துச்சு பொட்டு. அத்தனை நேரம் குனிஞ்சு வெச்சதுல எனக்கு இடுப்பே புடிச்சுக்கிச்சு.

குளிச்சுட்டு வந்து பாத்தாரு மனுசன். ஒரு வார்த்தை "நல்லாருக்குது"ங்கோணுமல்ல? அப்பிடியே நின்னாரு. தாம்பாளத்தைப் பாக்கறாரு, என்னைப் பாக்கறாரு, அடுப்புல இட்லிக் குண்டானைப் பாக்கறாரு. "சாந்தா…"ன்னாரு. அவ்வளவுதான். பக்தியில வாயடைச்சுப் போச்சுன்னு நெனச்சேன்.

பூஜையெல்லாம் நல்லா நடந்துச்சு. பொரி கடலை, பூசணிக்காய், எல்லாம். காரு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. பழம் நசுங்கோணுமல்ல? காருல இஞ்சின் பாதி இல்லை. அதுக்காக விட முடியுமா? பக்கத்து ஊட்டு ஆளுங்களைக் கூப்புட்டேன். எங்க ஊட்டுக்காரரு ஸ்டீரிங்கைப் புடிச்சுக்கிட்டு முன்னால உக்காந்துட்டாரு, நாங்கெல்லாம் பின்னால நின்னு தள்ளியே நசுக்கிப் போட்டோம். நாலும் நசுங்கிருச்சு. சகுனம் அருமைன்னு நாஞ் சொன்னேன்.

மறு நாளு பூட்டுனாருங்க. என்ன பூட்டுனாரோ. ஒண்ணை எடுப்பாரு, திருப்பித் திருப்பிப் பாப்பாரு, வெப்பாரு. "இது எந்தக் குழியில இருந்துச்சு சாந்தா?"ங்கறாரு. எனக்கெப்பிடித் தெரியும்? கழட்டுனவருக்குத் தெரியோணும். அந்தக் குண்டன் மறு ஒளிபரப்புல அதே கார்ப்ரேட்டரை மறுக்கா பூட்டறான், அவனுக்கு மட்டும் தெரியுதல்ல? கடைசியில ஒரு வழியா எல்லாம் உள்ள போயிருச்சு. சாவியைப் போட்டாரு. இருமல் இல்லீங்க. இருமல் சுத்தமா நின்னு போச்சு. சத்தமே வரலை.

பாலுகிட்ட ஓடுனா, அவரு பட்டறையில பூஜை போட்டுட்டுச் சொந்த ஊருக்குப் போயிட்டாரு. ஷட்டருல கட்டுன வாழைக்கன்னு காஞ்சு தொங்குது. வேற பட்டறைக்குப் போனாலும் இதே கதை. பூஜை லீவுக்குப் போன ஆளுக ஒருத்தரும் வந்து சேரலை.

அதுக்கப்பறம் தெனமும் மில்லு விட்டு வந்ததும் காருக்குள்ளதான். கழட்டறது, பூட்டறது. என்னமோ ஒரு நாளு வந்து மெதுவாச் சொல்றாரு, "பெட்ரோல் வர்ற அந்தத் திருகு ஓட்டையில சந்தனம் காஞ்சு போய் அடைச்சிருக்குதோன்னு நெனக்கறேன் சாந்தா"ன்னு. எனக்குச் சுருக்குன்னுச்சு. "ஊரே வண்டிக்குச் சந்தனம் வெக்குது, லாரிக்காரன் வெக்கறான், பஸ்ஸுக்காரன் வெக்கறான், எல்லாம் ஓடலியா? உங்களுக்குப் பூட்டத் தெரியலைன்னு சாமி மேல பழி போடாதீங்க"ன்னுட்டேன். மறுக்கா காருக்குள்ள குனிஞ்சுட்டாரு. அக்கம்பக்கத்துல கேட்டாலும், "நாந்தானுங்க சரியாப் பூட்டாம விட்டுட்டேன்"ங்கறாரு. சரி, தப்பை ஒத்துக்கறாரேன்னு நானும் பெருந்தன்மையா விட்டுட்டேன்.

இன்னிக்குக் காத்தால மயில்சாமி அண்ணன் போன் பண்றாரு. "சாந்தாமணி, நம்ம காரை அனுப்பட்டுமா? இல்லை இந்தத் தடவையும் வாழைத்தாரு வருதா?" எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "எதுக்குங்ணா? எங்ககிட்ட கார் இல்லியா? அவரே தன் கையால சரி பண்ணி வெச்சிருக்கறாரு, அதுலதான் வந்து எறங்குவோம்"னுட்டேன். வெச்சுட்டுத் திரும்புனா, காருக்கடியில இருந்து எங்க ஊட்டுக்காரரு தலை மட்டும் நீட்டி என்னைப் பாக்கறாரு. மொகமெல்லாம் கருப்பு. டீவியில மாதிரி பொட்டளவு இல்லீங்க, காது வரைக்கும்.

"வாடகைக் காரு சொல்லட்டுமா சாந்தா?"ன்னாரு. நல்லாக் கேட்டாரு போங்க. வாடகைக் காருல போய் எறங்குனா அண்ணன் சும்மா இருப்பாரா? "வேண்டாம்"னேன். "அப்ப நீ பஸ்ல முன்னால போயிரு. நீ நேரத்துக்குப் போகோணும், அதுதான் முக்கியம். நான் எப்பிடியாவது வண்டியோட வந்தர்றேன்"னாரு. ஊடு கூட்டற சீமாத்துல இருந்து ஒரு குச்சியை ஒடிச்சுக் குடுன்னாரு. காரு நிக்குது, இவருக்குச் சீமாத்துக் குச்சி! பல்லு குத்தவான்னு கேட்டேன். சிரிச்சுட்டாரு.

அந்தச் சிரிப்பைப் பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சுங் அம்மணி. மத்தியானம் சாப்புடக்கூட இல்லை அந்த மனுசன். எம்பொறந்த ஊட்ல நாலு பேரு முன்னால தலை நிமுந்து எறங்கோணும்னுதான இந்தப் பாடு படறாரு? அவருக்கென்ன காரு ஆசையா? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோவுல வர்றப்ப கண்ணுல தண்ணி வந்துருச்சு. மை கரைஞ்சிருக்குதுங்களா? இல்லியா? சரி.

குண்டடம் வந்துருச்சா? டிரைவரு டீ குடிக்க எறங்கறாரு. பத்து நிமிசம் நிக்கும் இங்க.

இருங்க, போன் அடிக்குது. அவருதான்… சொல்லுங்க! என்னது? சத்தமாச் சொல்லுங்க, என்ன இரைச்சல் அங்க? கிளம்பிருச்சா! ஐயோ சாமி! எப்பிடிங்க? குச்சியில குத்துனீங்களா? எதைக் குத்துனீங்க? …சரி சரி, என்னத்தையோ குத்துனீங்க. எங்க வர்றீங்க இப்ப? …பக்கத்துலயா? என்ன வேகத்துல வர்றீங்க நீங்க! …இல்லீங்க, நான் இங்கியே எறங்கிக்கறேன். …எதுக்கு வேண்டாங்கறீங்க? நின்னுரும்னு பயமா? நின்னா நிக்கட்டும். இங்கிருந்து ஊரு கூப்புடு தூரம், தள்ளிட்டே போயிரலாம். …அட பட்டுப் பொடவைதான், அதனால என்ன, தள்ளுனாக் கிழிஞ்சிருமா? நான் எறங்கறேன், வெச்சுருங்க போனை.

கேட்டீங்களா அம்மணி? நாஞ் சொன்னனல்ல? பூஜை வீண் போகுமா! அன்னிக்குக் குனிஞ்சு குனிஞ்சு ஒவ்வொண்ணுக்கும் பொட்டு வெச்சேன் பாருங்க, அந்தப் பலன்தான் இன்னிக்கு வேலை செய்யுது. இவரு என்னடான்னா குச்சிங்கறாரு.

பேசாம பஸ்லயே போயிரலாம்தான். நேரத்துக்குப் போயிருவேன், ஒரு தொந்தரவும் இல்லை. நீங்க நெனக்கறது எனக்குப் புரியுது. ஆனா நான் பஸ்ல போய் எறங்கி, அவரு மட்டும் பின்னால தனியா கார்ல வந்தாருன்னு வையுங்க, அண்ணன் என்ன சொல்லுவாரு? "கட்டுன பொண்டாட்டியே நம்பி ஏறலை"ம்பாரு. அதுக்கு இன்னொருக்கா ஊரு சிரிக்கும். நான் உசுரோட இருக்கற வரைக்கும் அது நடக்கக் கூடாதுங்க. வழியில நின்னா ரெண்டு பேரும் சேந்து நிக்கறோம், தள்ளுனா ரெண்டு பேரும் சேந்து தள்ளறோம். வாழைத்தாரு வண்டியிலயும் ரெண்டு பேரும் சேந்துதான போனோம்.

கூடையைக் குடுங்க. கண்டக்டர் தம்பி, சித்தெ வழி விடுங்க. எங்க ஊட்டுக் கார் வருது!

அதா பாருங்க, அதா! வெள்ளைக் காரு! ஏனுங்க, இக்கட்ட, இந்தப் பக்கம்! பாத்தீங்களா அம்மணி, இருமலே இல்லை, எப்பிடி வருது பாருங்க. மொகத்தைக்கூடக் கழுவாம வந்துட்டாரு, பாருங்க அந்தக் கோலத்தை. வேட்டி மட்டும் வெள்ளை. எங்க அண்ணன் வாயைத் தொறக்கட்டும் இன்னிக்கு, பாத்துக்கறேன்.

அம்மணி, அம்மணி! ஜன்னலைத் தொறங்க! பத்திரிகை எடுக்கறப்ப வெளிய வெச்ச சந்தனக் கிண்ணம் சீட்டுலயே உக்காந்துட்டிருக்குது, அதை இப்பிடிக் குடுங்க. நல்லாருப்பீங்க. கல்யாணத்துக்குக் கண்டிப்பா வரோணும், சொல்லிப்போட்டேன்.

ஏனுங்க, சித்தெ இருங்க, உடனே எடுக்காதீங்க. இத்தனை தூரம் கொண்டாந்து சேத்திருக்குது, ஒரு பொட்டு வெச்சுட்டுக் கிளம்பலாம். வண்டியை அமத்துங்க. …என்னது, அமத்துனா மறுக்கா கிளம்பாதா? அந்தக் குண்டன் எத்தனை தடவை அமத்தி அமத்திக் காட்டறான்! அமத்துங்கங்கறேன். …ஆங், அப்பிடி. இப்ப முன்னால மூடியைத் தூக்குங்க. வெளிய வெச்சாப் பத்தாதுங்க, அந்தத் திருகு எங்க இருக்குதுன்னு காட்டுங்க, அதுலயே வெக்கறேன்.